எண் 70079

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கடலை ஒட்டி ஹாஃப் மூன் பே என்றொரு சிற்றூர் இருக்கிறது. பரங்கிக்காய்க்குப் பேர்போன ஊர். அக்டோபர் பிறந்தால் பரங்கிக்காய்க்கென்றே திருவிழா எடுப்பார்கள். அங்கே காய்களைப் போட்டுவைக்கும் கிடங்கு ஒன்றில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பல வருடங்கள் கிடந்தது. எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. பின்பக்க ஆக்சில் வேறு ஏதோ அமெரிக்க வண்டியுடையது. அடித்தளத் தகட்டைத் துரு தின்றிருந்தது. சீட்டுகளும் டேஷ்போர்டும் நைந்து போயிருந்தன. ஆனாலும் சேஸிஸில் அடித்த எண் அழியாமல் இருந்தது: 70079.

பழைய கார் ஒன்றைப் புதுப்பித்த கதை என்றால் பளபளவென்று முடிந்து நிற்கும் படத்தைத்தான் முதலில் தேடுகிறோம். என் மனம் எப்போதும் தொடக்கத்தில்தான் போய் நிற்கிறது. முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இந்த வண்டியை அதன் ஆயுளில் எந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோகப் போகிறோம்? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளுக்கா, யாரோ ஒருவர் அதை நேசித்து ஓட்டிய நாளுக்கா, விபத்துக்கு முந்தைய நாளுக்கா? ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் மற்ற நாள்களை அழித்தாக வேண்டும். 70079 விஷயத்தில் அந்த முடிவு மிகக் கடினம். ஏனென்றால் அது ஒரே உடம்பில் நான்கு வாழ்க்கை வாழ்ந்த வண்டி.

அது ஒரு பிஎம்டபிள்யூ 507. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பணமும் மிடுக்கும் நினைவுக்கு வரும். 1950களில் நிலைமை அப்படி இல்லை. போர் முடிந்தபின் சமையல் பாத்திரங்கள் செய்து விற்று உயிர் பிழைத்த நிறுவனம் அது. பிறகு மோட்டார் சைக்கிள், அதன் பிறகு வாங்க ஆள் குறைவாக இருந்த பெரிய கார்கள். அப்போது நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்து விற்றுவந்த மாக்ஸ் ஹாஃப்மன், அமெரிக்கப் பணக்காரர்களுக்கென்று அழகான ஒரு திறந்த காரைச் செய்யுங்கள், 5,000 டாலரில் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் விற்றுத் தருகிறேன் என்று ஆசை காட்டினார். வடிவமைக்கும் பொறுப்பை ஆல்பிரெக்ட் ஃபான் கோர்ட்ஸிடம் சேர்த்துவிட்டதும் அவரே. 1955இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் அந்தக் காரைத் திரை விலக்கிக் காட்டினார்கள்.

படத்தில் பார்த்தாலே கண்ணை எடுக்க முடியாத வண்டி. நீண்ட மூக்கு, சக்கரத்தின் மேல் மெல்ல எழுந்து கதவருகே தாழ்ந்து மறுபடி பின்சக்கரத்தின் மேல் எழும் இடுப்புக்கோடு, பக்கவாட்டில் மீனின் செவுள் போல காற்றுத் திறப்புகள். உள்ளே 3.2 லிட்டர் வி8 எஞ்சின், அதுவும் அலுமினியத்தில் வார்த்தது, 150 குதிரைத்திறன். உடம்பும் முழுக்க அலுமினியம்தான். அந்தத் தகட்டைக் கையால் தட்டித் தட்டித்தான் வளைத்தார்கள். அதனால் ஒரு 507இன் கதவு இன்னொரு 507இல் அப்படியே பொருந்திவிடாது. ஒவ்வொன்றின் உடம்பும் அதை அடித்தவரின் கைவாகோடு பிறந்தது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு மியூனிக்கில் இதை ஒட்டித்தான் எல்லாச் சிரமமும் வரப்போகிறது.

அத்தனை கைவேலைக்கும் சேர்த்து 5,000 டாலர் எப்படிக் கட்டும்? விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. வாங்குவார்கள் என்று நம்பியவர்கள் வாங்கவில்லை. 1959இல் உற்பத்தியை நிறுத்தியபோது மொத்தம் 250 கார்களைச் சற்றே தாண்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு டிசம்பரில் பிஎம்டபிள்யூவையே டைம்லர்-பென்ஸ் விழுங்கிவிடும் நிலை வந்து, பங்குதாரர்கள் கூட்டத்தில்தான் அது தப்பியது. தன்னைச் செய்தவர்களையே கடனில் இறக்கிய அழகு 507.

70079 பிறந்தது 1957 செப்டம்பரில். வெள்ளை நிறம். பெயிண்ட் காய்ந்த கையோடு ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் நின்றது. பிறகு அதை ஹான்ஸ் ஸ்டக்கின் கையில் கொடுத்தார்கள். போருக்கு முன் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களை ஓட்டிய ஸ்டக்கை ஜெர்மானியர் மலை அரசன் என்பார்கள். கீழே கிளம்பி வளைந்து வளைந்து உச்சிவரை நேரத்தோடு போட்டியிடும் மலைச்சாலைப் பந்தயங்களில் அவரை வெல்ல ஆள் குறைவு. அறுபதை நெருங்கும் வயதில் இந்த வெள்ளைக் காரை ஓட்டி 1958இல் மலைப் பந்தயங்களில் வென்றார். அது முதல் வாழ்க்கை.

அதே 1958இல் அமெரிக்க ராணுவம் ஒரு பாடகரைக் கட்டாயச் சேவைக்கு அழைத்தது. மார்ச்சில் சேர்ந்தார். ஆகஸ்டில் தாய் கிளாடிஸ் இறந்துபோனார். அந்தத் துக்கம் ஆறாமல் அக்டோபர் 1ஆம் தேதி ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினார். எல்விஸ் பிரெஸ்லிக்கு அப்போது வயது 23. ஃபிரீட்பெர்க்கில் படைமுகாம். பக்கத்து ஊரான பாட் நௌஹைமில் தங்கல். தினமும் காலையில் முகாமுக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும். டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு விற்பனையாளரிடம் இந்த வெள்ளை 507ஐப் பார்த்து, ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். சாவி வாங்கும்போது எடுத்த படங்கள் இருக்கின்றன. ராணுவச் சீருடையில் அந்த இளைஞர் நிற்கிறார், முகத்தில் புது வண்டி வாங்கியவனின் சந்தோஷம். ஊருக்கே தெரிந்த மனிதர் என்பது அந்த முகத்தில் எங்கும் இல்லை.

ஊருக்கு அது தெரிந்திருந்தது. வெள்ளைக் கார் எங்கே நின்றாலும் பெண்கள் கூடிவிடுவார்கள். அன்பையும் போன் நம்பரையும் லிப்ஸ்டிக்கால் அதன் மேலேயே எழுதிவிட்டுப் போவார்கள். துடைக்கத் துடைக்க மறுநாள் மறுபடி எழுத்து. கடைசியில் லிப்ஸ்டிக் தெரியாமலிருக்க காரையே சிவப்பாக மாற்றிவிட்டார். உலகத்துக்கு இந்தக் காரைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் இந்த ஒரு கதைதான். இரண்டாம் வாழ்க்கை வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடிந்தது.

1960 மார்ச்சில் எல்விஸ் ஊர் திரும்பினார். காரும் கப்பலேறியது. நியூயார்க்கில் ஒரு கிரைஸ்லர் விற்பனையாளரிடம் அதைக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து 4,500 டாலருக்கு வாங்கியவர் டாமி சார்ல்ஸ், அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் வானொலி அறிவிப்பாளர். (1966இல், ஜான் லெனன் இயேசுவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக பீட்டில்ஸ் பாடல்களை ஒலிபரப்பமாட்டோம் என்று பர்மிங்ஹாம் வானொலியில் முதலில் கிளம்பிய இருவரில் ஒருவர் இவர்தான். ஒரு காரின் வரலாற்றைத் தேடிப் போனால் இப்படி யார் யாரையோ சந்திக்க நேர்கிறது.) சார்ல்ஸுக்கு ரேஸ் ஓட்டும் ஆசை. ஜெர்மன் அலுமினிய எஞ்சினை இறக்கிவிட்டு ஷெவர்லே வி8 எஞ்சினை ஏற்றினார். கியர்பாக்ஸும் ஆக்சிலும் அதோடு போயின. ஒரு எஞ்சினுக்காக அளந்து கட்டிய இடத்தில் இன்னொன்றை உட்கார வைப்பது, மாற்றுச் செருப்பில் காலை நுழைப்பதைப் போலத்தான். எங்கேயாவது வெட்டாமல் முடியாது.

அதற்காகச் சார்ல்ஸைக் குறை சொல்லும் கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1960இல் அது மூன்று வயதான ஒரு செகண்ட் ஹேண்ட் கார். ரிப்பேர் பார்க்க ஜெர்மனியிலிருந்து பாகம் வரவேண்டும். ஷெவர்லே எஞ்சினுக்குத் தெருமுனையில் பாகம் கிடைக்கும். ஓட்டத்தானே கார்? அவர் ஓட்டினார். அது மூன்றாம் வாழ்க்கை. 1963இல் விற்றார். அதன்பின் கைமாறிக் கைமாறி வண்டி அரிஸோனாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

1968இல் அரிஸோனாவில் அதைப் பார்த்து வாங்கியவர் ஜாக் காஸ்டர், விண்வெளித் துறைப் பொறியாளர். அப்போது அவருக்கு முப்பது வயதையொட்டி இருக்கும். கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு, ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று ஒதுக்கி வைத்தார். அந்த ஒருநாள் 46 வருடம் வரவில்லை.

இதைப் படிக்கும்போது என் மனம் நெகிழ்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் எவரிடமும் இந்தக் காத்திருப்பைப் பார்க்கலாம். ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திய ஒன்று நிற்கும். பண்ணணும், பண்ணணும் என்பார்கள். அதைச் சோம்பல் என்று நினைத்தால் தப்பு. தொடங்கினால் பிரித்தாக வேண்டும், பிரித்தபின் சேர்க்க முடியாமல் போனால் இருப்பதும் போய்விடுமே என்ற பயம் அது. தெரியாத கையில் கொடுத்தால் பட்டி பூசி மறைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். காஸ்டர் சும்மா இருக்கவில்லை. அகப்பட்ட பாகங்களைச் சேர்த்தார். வண்டியின் பழங்கதையைத் தோண்டினார். பரங்கிக்காய்க் கிடங்கில் அது பத்திரமாக, மழை படாமல், யாரும் கை வைக்காமல் இருந்தது. அவசரக்காரர் ஒருவர் கையில் சிக்கியிருந்தால் 1970களிலேயே புதுத் தகடும் புதுப் பெயிண்டுமாக மாறி, பழைய தடயம் எல்லாம் அன்றே போயிருக்கும். தொடங்காமல் இருந்த அந்த 46 வருடங்களும் காரைக் காப்பாற்றிய வருடங்கள் என்றே நான் சொல்வேன். நான்காம் வாழ்க்கை அது.

இதற்கிடையில் உலகம் எல்விஸின் 507 தொலைந்துபோனதாகவே நினைத்திருந்தது. அதை ஒரு நடிகைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார் என்றும் பேச்சு இருந்தது. ஜாக்கி ஜூரே என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், எல்விஸ் ஓட்டியதும் ஹான்ஸ் ஸ்டக் பந்தயம் ஓட்டியதும் ஒரே கார் என்ற தடத்தைப் பிடித்து, அதைத் தேடும் கட்டுரை ஒன்றை எழுதினார். அது காஸ்டரின் கண்ணில் பட்டது. தன் கிடங்கில் கிடந்த வண்டியைப் பற்றி அவர் சேர்த்துவைத்த துண்டுத் தகவல்களும் அந்தக் கட்டுரையும் ஒரே எண்ணில் வந்து சந்தித்தன. தொழிற்சாலைப் பதிவேட்டில் 70079. சேஸிஸில் 70079.

2014இல் கார் கண்டெய்னரில் ஏறி மியூனிக்கிலுள்ள பிஎம்டபிள்யூவின் பழங்கார்ப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்விஸ் ஓட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது என்று காஸ்டருக்கும் அவர்களுக்கும் உடன்பாடு.

அங்கே முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஒன்றையும் கழற்றவில்லை. துருவும் தூசியும் காலியான எஞ்சின் கூடுமாக, கிடங்கிலிருந்து வந்த கோலத்திலேயே, அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 10 வரை, சில வாரங்கள், மக்கள் வந்து பார்த்தார்கள். 70079இன் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். இன்னும் கொஞ்ச நாளில் இந்த முகம் இருக்காது. சார்ல்ஸ் வெட்டிய வெட்டு, காஸ்டர் காலத்துத் தூசி, யாரோ மேல்பூச்சாக அடித்த பெயிண்ட் எல்லாம் போகப்போகின்றன. போவதற்கு முன் எல்லார் கண்ணிலும் ஒருமுறை பட்டுவிடட்டும் என்று வைத்தது, சவரம் செய்வதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைப்பது போன்ற எளிய காரியம்தான். ஆனாலும் அதைச் செய்ய மனம் வேண்டும்.

பிறகுதான் வேலை. எந்த நாளுக்குத் திரும்புவது என்ற கேள்விக்குப் பதில் வெள்ளை. கதையில் பிரசித்தமானது சிவப்பு. கூட்டம் கூட்ட வேண்டும் என்றால் சிவப்பு அடித்தாலே போதும். ஆனால் அந்த இளைஞர் சாவி வாங்கிய நாளில் கார் வெள்ளை. ஸ்டக் மலையேறியதும் அதே வெள்ளையில்தான். பிறப்பையும் முதல் இரண்டு வாழ்க்கையையும் ஒரே நிறத்தில் பிடிக்க முடிந்தால் அதுவே நேர்மையான தேர்வு.

முதல் பெரிய வேலை, அலுமினிய உடம்பையும் எஃகு அடித்தளத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது. இரண்டையும் ஒன்றாகச் சுத்தம் செய்ய முடியாது. எஃகின் பெயிண்டை உரிக்கும் காஸ்டிக் கரைசலில் அலுமினியத்தைப் போட்டால் பெயிண்டோடு தகடும் கரையத் தொடங்கிவிடும். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு ரசாயனத் தொட்டி. பழைய திறந்த கார்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால், அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக உதிர்த்துவிடும். பிரித்துப் பார்க்காமல் அது தெரியாது. பெயிண்ட் உரிந்த வெற்றுத் தகட்டைப் பார்க்கும்போதுதான் ஒரு வண்டி தன் உண்மையைச் சொல்லும். எங்கே இடி வாங்கியது, எங்கே ஒட்டு போட்டார்கள், எங்கே யார் கை பட்டது என்பதெல்லாம் தகட்டில் தெரியும். டிங்கர் வேலை தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவியே இதைப் படித்துவிடுவார்கள்.

இங்கே அந்தக் கைவாகு மறுபடி வருகிறது. ஒரு 507க்கு இன்னொரு 507 அளவு சொல்லாது. இந்த உடம்பில் மிஞ்சியிருப்பதே இந்த உடம்புக்கு அளவுகோல். ஆகவே முடிந்தவரை எதையும் எறியக்கூடாது. வெட்டி எடுத்து வேறு போடுவது சுலபமான வழி. துருப்பிடித்ததில் நல்லதைத் தேடித் தக்கவைத்து, போன இடத்துக்கு மட்டும் தகடு சேர்ப்பது பல மடங்கு வேலை. மியூனிக்கில் இரண்டாவதைத்தான் விரும்பினார்கள்.

எஞ்சின் போனது போனதுதான். அந்த வி8 எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உதிரிபாகங்களைச் சேர்த்து, அந்தக் கால அளவுப்படியே புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். பின்பக்க ஆக்சிலும் அதே விதம். அப்படியென்றால் இது எல்விஸ் ஓட்டிய கார்தானா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் காதில் விழுந்த எஞ்சின் சத்தம் இந்த எஞ்சினுடையது இல்லை, உண்மைதான். அதை மறைக்காமல் சொல்லிவிட்டார்கள் என்பதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை. அவர் கை வைத்த கதவின் தகடு அதே தகடு. லிப்ஸ்டிக் எழுத்து விழுந்த உடம்பும் அதே உடம்பு.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விரல் நீளத்துக்கு ஒரு பொருள். கடையில் கேட்டால் கிடைக்காது. செய்த காரே மொத்தம் 250 சொச்சம்தான். மிஞ்சியிருந்த அசல் பாகத்தை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, 3டி பிரிண்டரில் அதே வளைவில் புதிதாகச் செய்தார்கள். கதவுக் கைப்பிடிக்கும் அதே வழி. கையால் தட்டிய காலத்துப் பொருளைக் கை படாத இயந்திரம் வந்து மீட்டுக் கொடுத்தது. சீட்டுக்கோ அளவெடுக்கப் பழையது சரியாக இல்லை. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்து, தையல் எங்கே போகிறது, பஞ்சு எவ்வளவு உப்பியிருக்கிறது என்று கணக்கிட்டுத் தைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் எல்விஸின் முகத்துக்காக எடுத்த படங்களில், அவர் தோளுக்குப் பின்னால் தற்செயலாக விழுந்த சீட்டின் ஓரம் அரை நூற்றாண்டு கழித்து ஒரு தையல்காரருக்கு வழிகாட்டியது. பெயிண்டும் அப்படித்தான். இன்றைய பெயிண்டின் கண்ணாடிப் பளபளப்பு 1957இல் கிடையாது. இறகு வெள்ளை என்று பெயர் வைத்திருந்த அந்த நிறத்தை, இன்றைய ரசாயன வசதியைத் தள்ளிவைத்து, அந்தக் காலத்துக் கலவையை ஒத்த முறையில் கலந்து அடித்தார்கள். நடுவில் ஒரே முடிச்சாகப் பூட்டும் ரட்ஜ் சக்கரங்கள், கறுப்பும் வெள்ளையுமான உள்பக்கம், பெக்கர் மெக்ஸிகோ ரேடியோ எல்லாம் ஒவ்வொன்றாக இடத்துக்கு வந்தன. வேலை இரண்டு வருடம் எடுத்தது.

ஜாக் காஸ்டர் 2014 நவம்பரில் காலமானார். வயது 77. 46 வருடம் காத்திருந்தவர் வேலை தொடங்கியதை அறிந்தார். முடிந்ததைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சரியான கையில் சேர்த்துவிட்டோம் என்ற நிம்மதி இருந்திருக்கும் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

2016 ஆகஸ்டில் 70079 மறுபடி கலிஃபோர்னியாவுக்கு வந்தது. பெபிள் பீச்சில் வருடாவருடம் நடக்கும் பழங்கார்த் திருவிழாவில், கடலைப் பார்த்த பச்சைப் புல்வெளியில், வெள்ளையாக நின்றது. அங்கிருந்து வடக்கே கடலோரச் சாலையில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் ஹாஃப் மூன் பே. வயல்களில் பரங்கிக்காய் காய்த்துப் பெருத்துக்கொண்டிருக்கும் மாதம் அது.